170 மில்லிநொடியில் ஒரு வாள்

2004ஆம் ஆண்டு. வடசென்னையின் முருக தனுஷ்கோடி பெண்கள் பள்ளியில் மாணவிகளை விளையாட்டுகளுக்குப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விளையாட்டுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த பவானி தேவியின் முறை வருவதற்குள் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்தது வாள்வீச்சு. தமிழ்நாட்டில் அதற்கு அப்போது பெரிய அறிமுகம் கிடையாது. கோயில் அர்ச்சகர் ஒருவரின் கடைக்குட்டிப் பெண்ணான அந்தச் சிறுமி, சரி என்று பெயரைக் கொடுத்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கான சேபர் போட்டி முதல்முறையாக நடந்தது. சேபர் என்பது வாள்வீச்சின் மூன்று வகைகளில் ஒன்று. பவானி பின்னாளில் தனதாக்கிக்கொண்ட வகை. ஆண்களுக்கு அது 1896இல், முதல் நவீன ஒலிம்பிக்ஸிலேயே இருந்தது. பெண்கள் உள்ளே வர 108 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் மரியல் ஸகுனிஸ் அந்த முதல் தங்கத்தை வென்றார். வண்ணாரப்பேட்டைச் சிறுமி வாள்வீச்சுக்குள் நுழைந்ததும் பெண்கள் சேபர் ஒலிம்பிக்ஸுக்குள் நுழைந்ததும் ஒரே ஆண்டில் என்பது எனக்கு இன்னும் வியப்பு தருகிற தற்செயல்.

வடசென்னைக்கு விளையாட்டு ஒன்றும் புதிதல்ல. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் குத்துச்சண்டை, வியாசர்பாடியில் கால்பந்து, தெருவுக்குத் தெரு கேரம். கேரமில் உலகச் சாம்பியன்களையே இந்தப் பகுதி தந்திருக்கிறது: வியாசர்பாடியின் இளவழகி, 2024இல் காசிமா. ஒரு பலகை, ஒரு பந்து, ஒரு ஜோடி கையுறை என்று கொஞ்சம் கருவிகளை வைத்துக்கொண்டு பல பிள்ளைகள் மாறி மாறி ஆடக்கூடிய ஆட்டங்கள் இவை. வாள்வீச்சு அப்படி வளராது. வாள், வலைமுகமூடி, உலோகச் சட்டை, ஒயர், ஒயரைச் சுருட்டும் பெட்டி, விளக்குப் பெட்டி எல்லாம் வேண்டும். இந்த ஆட்டத்தில் பாதி நடுவர் மனிதர், மீதி நடுவர் மின்சாரம்.

மின்சாரம் ஏன் வந்தது என்று பார்ப்போம். வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வாள்கள். முதல் இரண்டிலும் முனையால் குத்தினால்தான் புள்ளி. சேபரில் முனையாலும் குத்தலாம், அலகால் வெட்டவும் செய்யலாம். அலகின் எந்த இடம் பட்டாலும் சரி. இடுப்புக்கு மேலே தலை, உடல், கைகள் எல்லாம் இலக்கு. கையுறைக்குள் இருக்கும் கைப்பகுதி மட்டும் விலக்கு. வாளின் மொத்த நீளம் 105 சென்டிமீட்டருக்குள், அலகு 88 சென்டிமீட்டருக்குள், எடை அரை கிலோவுக்கும் குறைவு. நாம் சினிமாவில் பார்க்கிற கனத்த வாளை மறந்துவிடுங்கள். மணிக்கட்டும் விரல்களும் சற்றே அசைந்தால் திசை மாறிவிடுகிற மெல்லிய எஃகுப் பட்டை இது. பட்டதா இல்லையா என்று வெறும் கண்ணால் சொல்வது மிகக் கடினம்.

எப்பேயில் மின்கருவி 1930களிலேயே வந்துவிட்டது. முனையில் ஒரு சிறு பொத்தானை வைத்தார்கள். குத்தினால் பொத்தான் அமுங்கும், விளக்கு எரியும். ஃபாயிலுக்கு 1950களில் வந்தது. சேபர் மட்டும் 1980களின் கடைசிவரை காத்திருந்தது. 1992 பார்சிலோனாதான் மின்சேபர் கண்ட முதல் ஒலிம்பிக்ஸ். அதுவரை நான்கு துணை நடுவர்கள் மூலைக்கொருவராக நின்று, பட்டது, படவில்லை என்று கை தூக்கிக்கொண்டிருந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் எளிது. வெட்டும் வாளில் பொத்தானை எங்கே வைப்பது? அலகு முழுவதும் பொத்தான் பதிக்க முடியுமா?

கிடைத்த விடை அழகானது. உணர்கருவியை வாளிலிருந்து எடுத்து எதிராளியின் உடம்பில் போட்டுவிட்டார்கள். சேபர் ஆடுபவர் அணியும் மேல்சட்டைக்கு லாமே என்று பெயர். மெல்லிய உலோக இழைகளைச் சேர்த்து நெய்த, மின்சாரம் கடத்தும் துணி அது. இலக்கு எதுவோ அதை மட்டும் லாமே மூடியிருக்கும். முகமூடியின் கம்பிவலையும் மின்கடத்தி. ஒரு சிறு ஒயர் அதைச் சட்டையோடு இணைக்கிறது. வாளும் ஒரு மின்முனை. என் வாள் உங்கள் சட்டையைத் தொட்ட கணத்தில் சுற்று முழுமையடைகிறது. வாசல் மணியின் பொத்தானை அழுத்தினால் நடப்பது எதுவோ அதேதான். சுமார் 12 வோல்ட்தான் என்பதால் உடம்புக்கு எதுவும் தெரியாது. இடுப்புக்குக் கீழே அடித்தால் அங்கே லாமே இல்லை, விளக்கும் இல்லை. எங்கெல்லாம் அடிக்கலாம் என்ற விதியையே துணியாகத் தைத்துவிட்டார்கள்!

அந்தத் துணி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று போட்டிக்கு முன்பே சோதிப்பார்கள். சட்டையின் எந்த இரு புள்ளிகளுக்கு நடுவிலும் மின்தடை 5 ஓமுக்கு மேல் போகக்கூடாது. லாமேயின் பெரிய எதிரி வியர்வை. வியர்வையிலுள்ள உப்பு உலோக இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அரித்த இடம் மின்சாரம் கடத்தாத செத்த இடமாகிவிடும். அங்கே வெட்டுப் பட்டாலும் விளக்கு எரியாது. அதனால் ஆடி முடித்ததும் சட்டையை நல்ல தண்ணீரில் அலசி, மடிக்காமல் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். மே மாதத்துச் சென்னையில் பயிற்சி செய்கிற ஒருவருக்கு இது எத்தனை பெரிய வேலை என்று நினைத்துப் பாருங்கள். கடலோரக் காற்றுக்கு எஃகு அலகும் துருப்பிடிக்கும். கருவியைப் பேணுவதே பாதிப் பயிற்சி.

லாமேக்கு உள்ளே இன்னொரு உடை இருக்கிறது. வெள்ளைச் சட்டையும் அரைக்கால் சட்டையும் 800 நியூட்டன் விசை வரை துளைபடாமல் தாங்க வேண்டும். ஏறக்குறைய 80 கிலோ எடை ஒரு முனையில் இறங்குவதற்குச் சமம். முகமூடியின் கழுத்துக் காப்புக்கு அதில் இரண்டு மடங்கு, 1600 நியூட்டன். இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1982இல் ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் சோவியத் ஒன்றியத்தின் விளாதிமிர் ஸ்மிர்னோவ் ஆடிக்கொண்டிருந்தபோது எதிராளியின் வாள் முறிந்து, முறிந்த அலகு அவர் முகமூடியைத் துளைத்தது. சில நாளில் அவர் இறந்தார். அதன் பிறகுதான் முகமூடி, துணி, எஃகு மூன்றின் தரமும் தலைகீழாக மாறின.

இப்போது மின்சுற்றுக்குத் திரும்புவோம். அதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நீங்கள் வெட்டுகிறீர்கள். நான் என் வாளால் தடுக்கிறேன். உங்கள் அலகு மெல்லியது, வளையும். என் வாளில் மோதிய வேகத்தில் அதன் மேற்பகுதி வளைந்துவந்து என் தோளைத் தொட்டுவிடுகிறது. நான் சரியாகத் தடுத்தும் விளக்கு எரிந்தால் அநியாயம் அல்லவா? விளக்குப் பெட்டி இதையும் கவனிக்கிறது. வாளும் வாளும் மோதுவது தனியொரு மின்தொடர்பு. பெட்டிக்கு அது தெரியும். மோதிய பின் 4 மில்லிநொடிக்குள் சட்டையைத் தொட்டால் அது வெட்டின் வேகத்திலேயே போய்ச் சேர்ந்த அடி, ஏற்கலாம். அதற்குப் பின் சுமார் 15 மில்லிநொடி வரை வருவது அலகு வளைந்ததால் பட்ட அடி. அதைப் பெட்டி பொதுவாக விட்டுவிடும். மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடுப்பு நியாயமானதா என்று அந்த அளவில் ஒரு பெட்டி தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது.

சேபரின் மிக முக்கியமான எண் 170. நான் உங்களைத் தொட்டுவிட்டேன், என் விளக்கு எரிகிறது. அந்தக் கணத்திலிருந்து 170 மில்லிநொடிக்குள் நீங்களும் என்னைத் தொட்டால் உங்கள் விளக்கும் எரியும். 171ஆவது மில்லிநொடியில் தொட்டால் எரியாது, பெட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. இதை அடைப்பு நேரம் என்று சொல்லலாம். ஃபாயிலுக்கு அது 300, எப்பேக்கு வெறும் 40. சேபரிலும் 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் வரை 120ஆகத்தான் இருந்தது. அதன் பிறகே 170 ஆக்கினார்கள்.

50 மில்லிநொடி கூடியதால் என்ன ஆகிவிடும்? வாள்பிடித்த கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிநொடியில் அது கடக்கும் தூரம் 15 சென்டிமீட்டர். ஒரு சாணில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பாய்ந்து வருகிறவரின் கையில் சட்டென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் பின்னால் குதித்துத் தப்பிப்பது சேபரின் பழைய உத்தி. முன்பு அந்தச் சிறு இடைவெளி கிடைத்தால் தப்பிக்கலாம். இப்போது தாக்குபவரின் வாள் அந்தத் தூரத்தையும் கடந்து வந்து விளக்கை எரித்துவிடும். ஒரு கருவியின் எண்ணை மாற்றினார்கள். உலகமெங்கும் பயிற்சியாளர்கள் கற்றுத்தரும் காலடிகள் மாறின.

இந்த 170ஐ மனித உடலோடு ஒப்பிட்டால்தான் முழு வியப்பும் தெரியும். கண்ணில் ஒன்று பட்டு, மூளை அதைப் புரிந்து, கைத்தசை அசையத் தொடங்குவதற்குள் நமக்குச் சுமார் 200 மில்லிநொடி ஆகிவிடும். அதாவது எதிராளியின் வாள் தொட்டதைப் பார்த்த பிறகு திருப்பி அடிக்க நினைத்தால் பெட்டி ஏற்கெனவே பூட்டியிருக்கும். பார்த்துவிட்டுச் செய்வதற்கு இந்த ஆட்டத்தில் நேரமே கிடையாது. அப்படியென்றால் எப்படி ஆடுகிறார்கள்? நடக்கப்போவதை முன்கூட்டியே படிக்கிறார்கள். வாள்வீச்சு வீரர்களின் பார்வை எங்கே போகிறது என்று ஆய்வாளர்கள் பதிவுசெய்து பார்த்தார்கள். கைதேர்ந்தவர்கள் வாளின் முனையைத் துரத்துவதில்லை. எதிராளியின் மேல்மார்புப் பக்கமே பார்வையை நிறுத்துகிறார்கள். தோள் எப்போது இறுகுகிறது, உடலின் பாரம் எந்தக் காலுக்குப் போகிறது என்பதெல்லாம் வாளுக்கு முன்பே சேதி சொல்லிவிடும்.

இரண்டு விளக்கும் எரிந்தால் புள்ளி யாருக்கு? பெட்டியின் அதிகாரம் இங்கே முடிகிறது, மனிதரின் வேலை தொடங்குகிறது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்த பகுதி இதுதான். சேபருக்கு முன்னுரிமை என்றொரு விதி உண்டு. கையை நீட்டி முதலில் தாக்குதலைத் தொடங்கியவருக்கு முன்னுரிமை. எதிராளி அந்த வாளைத் தடுத்துவிட்டால் முன்னுரிமை அவர் கைக்கு மாறுகிறது. உடனே அவர் தரும் பதிலடிக்கே புள்ளி. தாக்குபவர் எட்டாமல் காற்றை வெட்டினாலும் முன்னுரிமை போய்விடும். இருவரும் ஒரே கணத்தில் தொடங்கினால் யாருக்கும் புள்ளி இல்லை, மறுபடி கோட்டுக்குப் போக வேண்டும். விளக்கு எரிந்ததும் நடுவர் கைச்சைகையால் கடந்துபோன ஒரு நொடியை வாக்கியம் வாக்கியமாகச் சொல்வார்: இவருடைய தாக்குதல், அவருடைய தடுப்பு, பதிலடி, புள்ளி. வீரர் ஏற்கவில்லையென்றால் வீடியோவைப் பார்க்கச் சொல்லலாம். தொட்டதா என்பது இயற்பியல். யார் தொடங்கியது என்பது வாதம். தொலைக்காட்சியில் சேபர் பார்க்கும்போது வாளைப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு எட்டாது. கால்களைப் பாருங்கள். யார் முன்னே போகிறார், யார் பின்னே தள்ளப்படுகிறார் என்பதிலேயே முன்னுரிமையின் கதை பாதி தெரிந்துவிடும்.

ஆடுதளம் 14 மீட்டர் நீளம், அகலம் அதிகபட்சம் 2 மீட்டர். மாநகரப் பேருந்து ஒன்றைவிடச் சற்று நீளமான, அதைவிடக் குறுகிய ஒரு பட்டை. இருவரும் 4 மீட்டர் இடைவெளியில் நிற்பார்கள். நடுவர் பிரெஞ்சில் 'அலே' என்றதும் பாய்வார்கள். ஓடக்கூடாது: முன்னேறும்போது பின்கால் முன்காலைத் தாண்டினால் சேபரில் தவறு. இந்தத் தடை 1990களில் வந்தது. அதற்கு முன் இருவரும் ஓடிவந்து மோதுவதே ஆட்டமாகிப் போயிருந்தது. ஓட்டத்தைத் தடுத்ததால் இன்றைய சேபர்க்காரர்கள் முழங்காலை மடக்கி, சிறு சிறு தாவலாகத் தூரத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். கடைசியில் முன்காலை வீசி ஒரு நெடும்பாய்ச்சல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜூடோவில் பெண்களுக்கு 48 கிலோவில் தொடங்கி 78க்கு மேல் வரை ஏழு எடைப் பிரிவுகள். குத்துச்சண்டை, மல்யுத்தம், டேக்வாண்டோ எல்லாவற்றிலும் எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். வாள்வீச்சில் எடை பார்ப்பதே இல்லை. உயரமானவரும் குட்டையானவரும் ஒரே பட்டியலில். விளக்கை எரிக்கத் தொடுதல் போதும், பலம் வேண்டாம் என்பதே காரணம்.

இத்தனை நுட்பமான ஆட்டத்தைப் பவானி மூங்கில் குச்சியில் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். வெளிநாட்டு வாள்கள் விலை அதிகம், முறிந்தால் வேறு வாங்குவது கடினம். அதனால் பயிற்சிக்கு மூங்கில், போட்டிக்கு மட்டும் வாள். மூங்கில் எஃகைப் போல் வளையாது, சுற்றை மூடாது, விளக்கை எரிக்காது. அதில் பழகும் பிள்ளைக்குத் தான் 100 மில்லிநொடி முந்தினோமா பிந்தினோமா என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை. அம்மா ரமணி நகைகளை அடகு வைத்துப் போட்டிகளுக்கு அனுப்பினார் என்று பவானி பல பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். 14 வயதில் துருக்கியில் முதல் சர்வதேசப் போட்டி. களத்துக்கு 3 நிமிடம் தாமதமாகப் போனார். கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். வாள்வீச்சில் கறுப்பு அட்டைக்கு மேல் தண்டனை இல்லை. அவ்வளவு தூரம் போன பிள்ளை ஆடாமலே திரும்ப வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் கேரளத்தின் தலச்சேரியிலுள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் சேர்ந்தார். சாகர் லாகு பயிற்சியாளர். 2014இல் பிலிப்பைன்ஸில் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. இந்தியாவிலிருந்து அந்தப் பதக்கத்தை அதற்கு முன் யாரும் வென்றதில்லை. ரியோ ஒலிம்பிக்ஸுக்கு முயன்றார், இடம் கிடைக்கவில்லை. அதன் பின் அவருடைய பயிற்சிக்களம் இத்தாலியின் லிவோர்னோ ஆயிற்று. பயிற்சியாளர் நிக்கோலா ஸனோட்டி. லிவோர்னோவும் ஒரு துறைமுக ஊர்தான். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸில் ஐந்து தங்கம் வென்ற நேடோ நாடி பிறந்த ஊர் அது; 2004 ஏதென்ஸில் ஆண்கள் சேபர் தங்கம் வென்ற ஆல்டோ மொன்டானோவும் அங்கே பிறந்தவர்தான். அப்படிப்பட்ட ஊரில் பயிற்சிக்கு எதிரே நிற்க விதவிதமான கைகளும் கால்களும் கிடைக்கும். முன்கூட்டிப் படிக்கும் கலைக்குப் புத்தகம் எதிராளிகளின் உடம்புதான். ஒரே நாலைந்து பேரோடு ஆடிக்கொண்டிருந்தால் நாலைந்து பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தது போலாகும். புதிய 170 விதிக்கு உலகமே கால்களை மாற்றிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் அங்கே இருந்தது நல்ல வாய்ப்பு என்று நினைக்கிறேன்.

பலன் தெரிந்தது. 2017இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் தங்கம். 2018இல் கான்பெராவில் காமன்வெல்த் வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப் தங்கம், இந்தியாவுக்கு முதல். 2019இல் அப்பா இறந்தார். அடுத்த ஆண்டு கொரோனா. ஒலிம்பிக்ஸே ஓராண்டு தள்ளிப்போனது.

டோக்கியோவுக்கு அவர் தகுதிபெற்ற விதம் ஒரு தனிக் கணக்கு. அப்போது அவருடைய உலகத் தரவரிசை 45. தனிநபர் பிரிவுக்கு இருக்கும் இடங்களோ அதைவிடக் குறைவு. எப்படி நுழைய முடியும்? ஒரு நாட்டின் அணி தகுதிபெற்றால் அந்த அணியின் மூவரும் தனிநபர் ஆட்டத்துக்கும் வந்துவிடுவார்கள். அந்த நாட்டுக்காரர்கள் அனைவரையும் தரவரிசைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, மிச்சப் பட்டியலில் கண்டம்வாரியாக இடம் கொடுப்பார்கள். திருத்திய தரவரிசை என்று அதற்குப் பெயர். ஆசியா, ஓசியானியாவுக்கு இரண்டு இடம். மார்ச் 2021இல் புடாபெஸ்ட் உலகக் கோப்பையின் அணிப் போட்டியில் ஹங்கேரி தென்கொரியாவை வென்றதும் அணிகளின் வரிசை உறுதியாயிற்று. அந்த இரண்டில் ஒன்று பவானிக்கு வந்தது. இரண்டு வேற்று நாட்டு அணிகளின் ஆட்டம் ஒரு வண்ணாரப்பேட்டைப் பெண்ணின் ஒலிம்பிக் இடத்தை முடிவுசெய்தது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். 45க்கு வர எத்தனை நாடுகளில் எத்தனை ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்று பார்த்தால் அந்தச் சொல் வராது. ஒலிம்பிக்ஸுக்குத் தகுதிபெற்ற முதல் இந்திய வாள்வீச்சு வீரர் அவர்.

2021 ஜூலை 26, மகுஹாரி மெஸ்ஸே அரங்கம். முதல் ஆட்டம் துனீசியாவின் நாதியா பென் அஸீஸியோடு. யார் முதலில் 15 புள்ளி எடுக்கிறாரோ அவருக்கு வெற்றி. ஒருவர் 8ஐத் தொட்டதும் ஒரு நிமிட இடைவேளை. பவானி அந்த இடைவேளைக்கு 8-0 என்று போனார். முடிவு 15-3. மொத்தம் 6 நிமிடம் 14 நொடி. 18 புள்ளிகள் என்றால் சராசரியாக 21 நொடிக்கு ஒன்று. நடுவர் நிறுத்துவது, விளக்கம் சொல்வது, திரும்பி நடந்து கோட்டுக்கு வருவது எல்லாம் சேர்த்து. வாள்கள் உண்மையில் உறவாடிய நேரம் அதில் மிகச் சிறிய துண்டு.

அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் ப்ரூனே. உலகின் முன்வரிசையில் இருந்தவர், அந்த ஒலிம்பிக்ஸிலேயே வெண்கலம் வென்றவர். இடைவேளையில் 2-8. முடிவு 7-15. இரண்டாம் பாதியை மட்டும் பிரித்துப் பாருங்கள்: 5-7. அந்த ஒரு நிமிட இடைவேளைக்குப் பிறகு அவர் ப்ரூனேயின் கால்களைப் படிக்கத் தொடங்கிவிட்டார் என்று அந்த எண்கள் எனக்குச் சொல்கின்றன. தோற்றதற்காகப் பவானி சமூக வலைத்தளத்தில் நாட்டிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்கவே வேண்டாம்.

அதே ஆண்டு அர்ஜுனா விருது. பிற்பாடு 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் காலிறுதியில் சீனாவின் ஷாவ் யாச்சியிடம் தோல்வி. 2024 பாரிஸுக்குத் தகுதி கிடைக்கவில்லை. அவருடைய ஆட்டங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் டோக்கியோவைச் சொல்ல மாட்டேன். 2023 ஜூன், சீனாவின் வூஷி நகரம், ஆசியச் சாம்பியன்ஷிப்பைச் சொல்வேன். முந்தைய சுற்றில் ஜப்பானின் ஒஸாகி செரியை 15-11 என்று வென்றுவிட்டு வந்தார். காலிறுதியில் எதிரே நின்றவர் இன்னொரு ஜப்பானியர், மிசாகி எமுரா. 2022இல் கெய்ரோவில் உலகச் சாம்பியன் ஆனவர், வூஷிக்கு அடுத்த மாதமே மிலானில் மறுபடியும் ஆனவர். அவரைப் பவானி அதற்குமுன் வென்றதில்லை. தெரிந்த எதிராளி என்றால் இருபக்கமும் புத்தகம் திறந்தே இருக்கும்: என் பழக்கங்கள் அவருக்குத் தெரியும், அவருடையவை எனக்கு. தோற்றுவந்த பக்கம்தான் புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பவானி 15-10 என்று வென்றார்.

அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஸைனப் தயிபெகோவா. ஆட்டம் 15-14 என்று முடிந்தது. 14-14 என்ற நிலையைச் சேபரில் நினைத்துப் பாருங்கள். ஒரே விளக்கு எரிந்தால் கேள்வியே இல்லை. இரண்டும் எரிந்து ஒரே கணத்துத் தாக்குதல் என்றால் மறுபடி 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மறுபடி 'அலே'. இரண்டும் எரிந்து நடுவர் ஒரு பக்கம் கை காட்டினால் முடிந்தது. அந்தக் கடைசிப் புள்ளி தயிபெகோவாவுக்குப் போனது. ஆசியச் சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடத்துக்கு ஆட்டம் வைப்பதில்லை. அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். வாள்வீச்சில் இந்தியா அந்தப் போட்டியில் பெற்ற முதல் பதக்கம் அது.